மூன்றாவது பல்

மாடம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குமரேசன், மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு நவம்பர் மாதப் பிற்பகலில் பைக்கிலிருந்து விழுந்தான். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. சேலையூர் தாண்டி வேளச்சேரி சாலையில் தேங்கியிருந்த தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருந்தது அவனுக்குத் தெரியவில்லை. முன் சக்கரம் அதில் இறங்கியதும் வண்டி அவனைத் தூக்கிச் சாலை நடுவிலிருந்த சிமென்ட் தடுப்பின் மேல் போட்டது. ஹெல்மெட் போட்டிருந்தான். ஆனால் அது முகத்தை மூடாத வகை. வாய் நேராகத் தடுப்பில் மோதியது.

பின்னால் இன்னொரு வண்டியில் சிவகுமார் வந்துகொண்டிருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து குமரேசனுக்கு நண்பன். குப்புறக் கிடந்தவனைப் புரட்டி மல்லாக்கப் படுக்கவைத்தான். குமரேசனுக்கு நினைவு இல்லை. பக்கத்துக் கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்ட, ரத்தம் நிறைந்திருந்த வாயில் சிவகுமார் கொஞ்சம் ஊற்றினான். குமரேசன் பலமாக இருமினான். பிறகு கண்ணைத் திறந்தான். சுற்றி நின்றவர்களுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். உதட்டில் ஆறு தையல் போட்டார்கள். மேல்வரிசை முன்பற்களில் மூன்று போயிருந்தன. ஒன்று பாதியில் உடைந்து, வேர் மட்டும் ஈறுக்குள் நின்றது. இன்னொன்றைச் சிவகுமார் சாலையில் கண்டெடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். திரும்பப் பொருத்திவிடலாம் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். பொருத்த முடியவில்லை. மூன்றாவது பல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மண்டைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்று டாக்டர் வந்து சொன்னதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் வேண்டியிருந்த செய்தி. அதை விட்டுவிட்டு ஒரு பல்லைப் பற்றி விசாரிக்க யாருக்கும் தோன்றாததில் வியப்பு இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பத்து நாள் வறட்டு இருமல் இருந்தது. மழையில் விழுந்ததால் வந்த சளி என்று நினைத்துக்கொண்டார்கள். இருமல் தானாக நின்றுவிட்டது.

குமரேசனின் அப்பா முனிரத்தினம் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர். நிலம் மனைகளாக மாறிய பிறகு மெயின் ரோட்டில் வரிசையாக நான்கு கடைகள் கட்டி, மூன்றை வாடகைக்கு விட்டு, ஒன்றை மகனுக்கு ஹார்டுவேர் வியாபாரத்துக்குக் கொடுத்திருந்தார். விபத்து நடந்தபோது குமரேசனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாக ஒரு பல் டாக்டரிடம் போய், உடைந்த வேரை எடுத்துவிட்டு, கழற்றி மாட்டக்கூடிய செயற்கைப் பல் வரிசை ஒன்று செய்துகொண்டான். அதை மாட்டிக்கொண்டு எடுத்த போட்டோதான் கேளம்பாக்கத்துக்குப் போனது.

கேளம்பாக்கத்துப் பெண்ணின் பெயர் ஓவியா. சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஆட்கள் சேர்க்கும் பிரிவில் வேலை. அவளுடைய அப்பா ஏகநாதனும் முனிரத்தினத்தைப் போலவே நிலம் விற்று வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டவர். இரண்டு குடும்பத்துக்கும் ஒன்றையொன்று பிடித்துப்போயிற்று. ஜூன் மாதம் கல்யாணம் என்று முடிவானது.

ஏப்ரலில் குமரேசனுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாளாகியும் இறங்கவில்லை. வலது பக்க நுரையீரலின் அடியில் நிமோனியா என்றார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதில் சரியானது. கல்யாண வேலைக்கு நடுவில் இதைப் பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டும் என்று முனிரத்தினத்துக்குத் தோன்றவில்லை. சளிக்காய்ச்சல் யாருக்குத்தான் வராது என்று இருந்துவிட்டார்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் மறுபடி காய்ச்சல். அதே வலது பக்கம், அதே அடிப்பகுதி. டிசம்பரில் மூன்றாவது முறை வந்தபோது ஏழு கிலோ இளைத்திருந்தான். கிழக்குத் தாம்பரத்தில் நெஞ்சு நோய்களுக்கு மட்டும் பார்க்கும் கஸ்தூரிரங்கன் என்ற டாக்டரிடம் போகச் சொன்னார்கள். அறுபது வயதைத் தாண்டியவர். அவசரப்படாதவர் என்று பெயர்.

அவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். வலது அடியில் வெள்ளையாக ஒரு நிழல். அதற்குள் சிறிதாக, இன்னும் அழுத்தமான வெள்ளையில் ஒரு புள்ளி. அது பழைய தழும்பாக இருக்க வேண்டும் என்று விளக்கினார். சின்ன வயதில் டிபி கிருமி உள்ளே போய், உடம்பே அதை அடக்கி, அந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கும்; இப்போது அது மறுபடி கிளம்பியிருக்கலாம். சளியை மூன்று முறை சோதித்தார்கள். கிருமி தெரியவில்லை. சிலருக்குச் சளியில் தெரியாமலும் இருக்கும் என்றார். மாதக் கணக்கில் இருமல், எடை குறைவு, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் காய்ச்சல், தழும்பு. நம் ஊரில் இவை எல்லாம் சேர்ந்து வந்தால் எந்த டாக்டரும் முதலில் நினைப்பதையே அவரும் நினைத்தார். ஆறு மாதம் மாத்திரை என்று எழுதினார்.

அந்த வாரமே சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நிறுத்தினார். நல்ல மாதிரியாகப் பேசினார். வீட்டில் எத்தனை பேர், யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எல்லோரும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எதற்கு வந்தார் என்பது சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. இரண்டு நாளில் கேளம்பாக்கத்துக்கும் தெரிந்தது.

ஏகநாதன் வந்தார். காபியைத் தொடவில்லை.

"ஏப்ரல்லயே ஆஸ்பத்திரில படுத்திருந்தாராமே மாப்ள. கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி. எங்க கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?" என்று முனிரத்தினத்தைக் கேட்டார்.

"சளிக்காய்ச்சல்னுதான் சொன்னாங்க சம்பந்தி. எங்களுக்கே இப்பதான் தெரியுது."

அது உண்மைதான். ஆனால் ஏகநாதனின் காதில் அது உண்மையாக விழவில்லை. நோயை மறைத்துப் பெண் எடுத்துவிட்டார்கள் என்று அவர் நேராகச் சொல்லவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஓவியா போக மறுத்தாள். அவளுடைய எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. டாக்டரிடம் அவளே கேட்டிருந்தாள். மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம் ஆனால் பொதுவாக மற்றவர்களுக்குத் தொற்றாது என்று அவர் சொல்லியிருந்தார். அதுவரை தனி அறையில் படுத்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். அவளைப் போகச் சொன்னது குமரேசன்தான்.

"ஆறு மாசம்தானே. போய் உங்க வூட்ல இரு. உனக்கும் ஒட்டிகினா நான் இன்னா பதில் சொல்றது?"

"ரெண்டு வாரத்துல ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"அவரு சொல்வாரு. நீ கெளம்பு."

ஓவியா உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வைத்தாள். மறுநாள் காலை அவனே காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். அவளுக்கு நல்லது செய்ததாகவே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. முதல் நாள் பயந்துபோனான். அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மாஸ்க் போட ஆரம்பித்தான்; மாடி அறைக்குத் தன் படுக்கையை மாற்றிக்கொண்டான். அம்மா கங்கையம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "கீழயே இருடா, எங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். ஆனாலும் அவனுக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக ஒதுங்கின. அவற்றைக் கொதிக்கிற தண்ணீரில் அவளே கழுவி, அடுப்படியில் வைக்காமல் ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்தாள். சொந்தக்காரர்கள் போன் செய்தால் அவனுக்கு வயிற்றில் புண் என்று சொன்னாள். கடைக்கு வரும் பிளம்பர்களில் இரண்டு பேர் முன்பெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இப்போது வாசல் படியில் நின்றபடியே சாமான் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் அவனிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை.

இரண்டாம் மாதம் இருமல் குறைந்தது. எடை இரண்டு கிலோ கூடியது. மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். டிபி மாத்திரைகளில் சில மற்ற கிருமிகளையும் கொல்லும். அதனால் வந்த குணம் அது என்பது பிறகுதான் விளங்கியது. ஒன்றுமே குறையாமல் இருந்திருந்தால் யாராவது முன்பே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

ஓவியா தினமும் மதிய இடைவேளையில் போன் செய்வாள். ஏப்ரலுக்குப் பிறகு அது மெசேஜ் ஆனது. 'சாப்டீங்களா' என்று வரும். 'சாப்ட்டேன்' என்று போகும். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை. அவளிடம் சொல்ல அவனிடம் புதிதாக எதுவும் இருக்கவில்லை.

ஜூலையில் மாத்திரை முடிந்தது. ஆகஸ்ட் இரண்டாவது வாரம் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை இருமலில் ரத்தம் இருந்தது. வாஷ் பேசினில் அதைப் பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்து விட்டவன், வெகுநேரம் மூடாமலே நின்றான்.

மருந்துக்கு அடங்காத வகைக் கிருமியாக இருக்கலாம் என்று கஸ்தூரிரங்கன் சந்தேகப்பட்டார். சளியை அதற்கான சோதனைக்கு அனுப்பினார். அதிலும் எந்தக் கிருமியும் வரவில்லை. அது அவரைக் குழப்பியது. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் நிழல் குறையாவிட்டால் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வேறு மருந்துகளை, இன்னும் நீண்ட காலத்துக்கு ஆரம்பிக்க வேண்டியிருக்கலாம் என்றார்.

அந்த இரண்டு வாரத்துக்குள் அவனுடைய செயற்கைப் பல் வரிசையின் கம்பி உடைந்தது. மாஸ்க் போட்டிருப்பவனுக்குப் பல் எதற்கு என்று முதலில் விட்டுவிட்டான். சாப்பிடக் கஷ்டமாக இருந்ததால் போனான். தாம்பரத்தில் தெரிந்த முகங்கள் இருக்கும் என்று குரோம்பேட்டைக்குப் போனான். ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய தெருவில், கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில், மிருதுளா என்ற பல் டாக்டரின் கிளினிக் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம், தனக்கு டிபி என்றும், மருந்து முடிந்தும் மறுபடி வந்திருப்பதாகச் சந்தேகப்படுகிறார்கள் என்றும் அவனே சொன்னான். எங்கே போனாலும் அதை முதலில் சொல்லிவிடுவது அவனுக்குப் பழகியிருந்தது. காலை நேரத்தின் கடைசி ஆளாக உள்ளே கூப்பிட்டார்கள்.

மிருதுளாவுக்கு நாற்பது வயது இருக்கும். தாடை முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் வைத்துப் பார்த்தார். எப்படிப் பல் போனது என்று கேட்டார். அவன் விபத்தைச் சொன்னான். புதிதாகப் பல் கட்டுவதற்கு எலும்பு போதுமா என்று பார்க்கத்தான் அவர் பேச்சை ஆரம்பித்தார்.

"ஒரு பல் உடைஞ்சு வேர் நின்னிருக்கு, அத எடுத்துட்டாங்க. மத்த ரெண்டும் வேரோட முழுசா வந்திருக்கு. ரெண்டும் கெடைச்சுதா?"

"ஒண்ண ஃப்ரெண்டு எடுத்தாந்தான் மேடம். இன்னொண்ணு ரோட்ல எங்கனா போயிருக்கும்."

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "மயக்கமா இருந்தீங்களா அப்ப?"

"ரெண்டு நிமிஷம்."

"இருமல் எப்ப ஆரம்பிச்சது?"

இந்தக் கேள்வியை அவனிடம் பல டாக்டர்கள் கேட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலிலிருந்துதான் அவன் எப்போதும் பதிலை ஆரம்பிப்பான். இப்போது பேச்சு விபத்தில் நின்றுகொண்டிருந்ததால் வேறு மாதிரி வந்தது. விபத்து நடந்த அன்றைக்கே இருமியதாகவும், பிறகு பத்து நாள் இருந்து நின்றுவிட்டதாகவும் சொன்னான். சொல்லும்போதே அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

நெஞ்சு எக்ஸ்ரே இருக்கிறதா என்று மிருதுளா கேட்டார். போனில் இருந்தது. அவர் அதை வாங்கிப் பெரிதாக்கினார். போனைப் பக்கவாட்டில் திருப்பினார். திரையில் இருந்த அவனுடைய மிச்சமிருக்கும் முன்பல்லின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் நெஞ்சு டாக்டர் இல்ல. தப்பா இருக்கலாம். ஆனா நாள் முழுக்கப் பல்லோட எக்ஸ்ரேதான் பாக்கறேன். இந்தப் புள்ளி எனக்குப் பல்லு மாதிரி தெரியுது."

"டாக்டர் அது தழும்புன்னாரு மேடம்."

"தழும்புக்கு வேர் இருக்காது, குமரேசன்."

அப்படியும் அவனுக்குப் புரியவில்லை. பல் எப்படி அங்கே போகும் என்று கேட்டான். வயிற்றுக்குள் போனதாகச் சொன்னால் நம்பியிருப்பான். மயக்கத்தில் இருப்பவரின் தொண்டை காவல் இல்லாமல் இருக்கும் என்றும், அப்போது மூச்சோடு இழுக்கப்படுவது பெரும்பாலும் வலது பக்க மூச்சுக்குழாயில்தான் போய் விழும், அது அகலமாகவும் நேராகவும் இருக்கும் என்றும் அவர் விளக்கினார். குழாயை அடைத்துக்கொண்டு கிடந்தால் அதற்குக் கீழே சளி தேங்கி அழுகும். மருந்து கொடுத்தால் ஆறும், நிறுத்தினால் மறுபடி வரும். கஸ்தூரிரங்கனுக்குக் கடிதம் ஒன்று எழுதி ஒட்டிக் கொடுத்தார். பல் கட்டுகிற வேலையை அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார்.

கீழே வந்து ஜிஎஸ்டி ரோட்டின் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தான். மாஸ்க்குக்குள் நாக்கு பல் இல்லாத இடத்துக்கே போய்ப் போய் வந்தது. மகிழ்ச்சி என்று எதுவும் தோன்றவில்லை. யாருக்கும் போன் செய்யவில்லை. இது தப்பாகிப்போனால் சொன்னதற்காக வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று நினைத்தான்.

கஸ்தூரிரங்கன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவனிடம் இருந்த எல்லா எக்ஸ்ரேக்களையும் கேட்டு வாங்கினார். நான்கு இருந்தன. தேதி வரிசையில் விளக்குப் பலகையில் மாட்டினார். நிழல் ஒன்றில் பெரிதாகவும் ஒன்றில் சிறிதாகவும் இருந்தது. புள்ளி நான்கிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தது. ஒரு முனை பருத்து, மறுமுனை ஒடுங்கி.

"ஒன்பது மாசமா இது என் முன்னாடி இருக்கு. தழும்புன்னு முடிவு பண்ணினதுக்கு அப்புறம் நான் இத பாக்கவே இல்ல" என்றார்.

அன்றே சிடி ஸ்கேன் எடுத்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

எடுப்பது சுலபமாக இருக்கவில்லை. நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், வளையும் குழாயை வாய் வழியாக விட்டு முதல் முறை முயன்றார்கள். பல்லைச் சுற்றிச் சதை வளர்ந்து மூடியிருந்தது. பிடித்தபோது நழுவியது. ரத்தம் வந்ததால் நிறுத்திவிட்டார்கள். சதை வீக்கம் குறைய ஒரு வாரம் மருந்து கொடுத்து, முழு மயக்கத்தில் வளையாத உலோகக் குழாயை விட்டு மறுபடி முயன்றார்கள். நாற்பது நிமிடம் ஆனது. வெளியே முனிரத்தினமும் சிவகுமாரும் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்திரண்டு மாதம் நுரையீரலில் கிடந்த பல் வெளியே வந்தது.

ஒரு சிறிய பிளாஸ்டிக் புட்டியில் போட்டுக் காட்டினார்கள். பழுப்பும் கறுப்புமாக இருந்தது. மூடியைத் திறந்தபோது நாற்றம் அடித்தது. எடுத்துப் போகிறீர்களா என்று நர்ஸ் கேட்டார். குமரேசன் வேண்டாம் என்றான்.

அன்று சாயங்காலம் சிவகுமார் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"மல்லாக்கப் போட்டுத் தண்ணி ஊத்தினது நான்தான் மச்சான்."

குமரேசனுக்குத் தொண்டை வலித்தது. பேசுவது கஷ்டமாக இருந்தது. "நீ வரலன்னா அங்கயே கெடந்திருப்பேன். வுடு" என்றான்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே பல் உள்ளே போயிருக்கலாம் என்று அங்கிருந்த இளம் டாக்டர் சிவகுமாரிடம் சொன்னார். ஆனால் மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார். சிவகுமார் தலையாட்டினான்.

காய்ச்சல் அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் ஒரு பாகம் கெட்டுப்போயிருந்தது. அங்கே குழாய்கள் தளர்ந்து விரிந்துவிட்டன. அது பழையபடி ஆகாது என்றார்கள். காலையில் சளி சேரும். அதைத் தினமும் வெளியேற்றிக்கொண்டு, நிறம் மாறாமல் வெள்ளையாகவே இருந்தால் பிரச்சினை இல்லை.

முனிரத்தினம் டிஸ்சார்ஜ் காகிதத்தைப் போட்டோ எடுத்து ஏகநாதனுக்கு அனுப்பினார். கூட ஒரு வரியும் எழுதவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏகநாதன் பழங்களோடு வந்தார். இந்த முறை காபி குடித்தார். இரண்டு அப்பாக்களும் பள்ளத்தைச் சரியாக மூடாத சாலை வேலைக்காரர்களைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். டிபி என்ற சொல் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. ஓவியாவை எப்போது கொண்டுவந்து விடட்டும் என்று கிளம்பும்போது ஏகநாதன் கேட்டார். தானே போய்க் கூட்டி வருவதாகக் குமரேசன் சொன்னான்.

கேளம்பாக்கத்துக்கு அவன் போனபோது ஓவியா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது. இடையில் மூன்று முறை கேட் வரை வந்து, மாஸ்க்கோடு நின்று பேசிவிட்டுப் போயிருக்கிறான். இப்போது மாஸ்க் இல்லை. பல்லும் இன்னும் கட்டவில்லை.

"பல்லுன்னு அப்பா சொன்னாரு" என்றாள்.

"ஆமா."

"அதனால இப்ப நான் வரலாம்."

அது கேள்வி இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் துணிகளை மடித்துக்கொண்டே பேசினாள்.

"பல்லு இருந்தது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுக்கு யார் மேலயும் கோவம் இல்ல. ஆனா டிபியாவே இருந்திருந்தா? அப்பவும் நான் இருக்கேன்னுதானே சொன்னேன். எங்கப்பாவ அனுப்பிட்டேன். நீங்கதான் போன்னீங்க."

"உனக்கு ஒட்டிடும்னு..."

"அதுக்கு ரெண்டு வாரம் போதும்னாங்க."

கீழே தெருவில் தண்ணீர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. குமரேசன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒட்டிவிடும் என்ற பயம் முதல் மாதத்தோடு போய்விட்டது. அதற்குப் பிறகும் அவளை வா என்று ஏன் சொல்லவில்லை என்பதை அவன் இதுவரை தனக்குள்கூடக் கேட்டுக்கொண்டதில்லை.

"நான் இருமறத நீ பாக்கக் கூடாதுன்னு இருந்துச்சு" என்றான். "கட்டினு வந்து மூணு மாசத்துல படுத்துட்டேன். பேசின்ல துப்பறது, எளைச்சுப் போறது, அதெல்லாம் நீ பாக்க வேணாம்னு."

ஓவியா கையிலிருந்த துணியை வைத்தாள். "அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள். குரலில் கோபம் குறைந்திருந்தது. ஆனால் அன்றைக்கு அவள் அவனோடு கிளம்பவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் எப்போது போகிறான் என்று கேட்டுத் தேதியை போனில் குறித்துக்கொண்டாள்.

அக்டோபரில் அந்தத் தேதியில் அவள் ஆபீஸிலிருந்து நேராகக் கிழக்குத் தாம்பரத்துக்கு வந்துவிட்டாள். கஸ்தூரிரங்கனிடம் கேட்க வேண்டியதை எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கெட்டுப்போன பாகத்தை வெட்டி எடுக்க வேண்டியிருக்குமா, என்ன தடுப்பூசி போட வேண்டும், சிமென்ட் தூசியும் பெயின்ட் வாடையும் உள்ள கடையில் உட்காரலாமா, குழந்தை பெற்றுக்கொள்வதில் தடை உண்டா. அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சளியை வெளியேற்ற எப்படிப் படுக்க வேண்டும், முதுகில் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று உதவியாளரைக் கூப்பிட்டுச் செய்து காட்டச் சொன்னார். எல்லாம் முடிந்து இருவரும் எழுந்தபோது அவரும் எழுந்தார்.

"எட்டு மாசம் வீணாப் போச்சும்மா உங்களுக்கு. அதுல என் பங்கு இருக்கு."

பரவாயில்லை சார் என்று சொல்லக் குமரேசன் வாயெடுத்தான்.

"ஆமா சார்" என்றாள் ஓவியா.

டாக்டர் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் அவள் மாடம்பாக்கத்துக்கு வந்தாள். பெட்டியை மாடி அறையிலேயே வைக்கச் சொன்னாள். முதல் நாள் காலை குமரேசன் வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்து, பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, சத்தம் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு இருமினான். ஓவியா கதவைத் தட்டினாள். திறக்கச் சொன்னாள். அவன் குழாயை மூடிவிட்டு வெளியே வந்தான்.

கட்டிலில் இரண்டு தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தாள். இடது பக்கம் ஒருக்களித்து, இடுப்பு உயரவும் தலை தாழவும் படுக்கச் சொன்னாள். உள்ளங்கையைக் குழித்து, வலது விலாவின் அடியில் தட்ட ஆரம்பித்தாள். முதலில் மெதுவாகத் தட்டினாள். இன்னும் பலமாகத் தட்ட வேண்டும் என்று அவன் சொன்னான். பலமாகத் தட்டினாள். பத்து நிமிடத்தில் சளி வந்தது. அவன் எழுந்து பிளாஸ்டிக் கப்பில் துப்பி, அதைக் கையால் மறைத்தான். அவள் கையை விலக்கிவிட்டுப் பார்த்தாள்.

"வெள்ளையாதான் இருக்கு" என்றாள்.

பிறகு கை கழுவிக்கொண்டு, ஆபீஸ் பஸ் ஏழு இருபதுக்கு வந்துவிடும் என்று சொல்லி, குளிக்கப் போனாள்.